தளத்துக்குக் காசு

ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து பென்ஷன் வாங்குகிறவன் நான். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் குடிசைக்காரர்களுக்கு அரசு வீடு கட்டப் பணம் கொடுத்த கதையைக் கேட்டால், அஸ்திவாரத்திலிருந்து சொல்ல மாட்டேன், மேல்தளத்திலிருந்துதான் சொல்வேன். கொடுக்கிற தொகை தட்டுத்தடுமாறி லிண்டல் மட்டம் வரை வந்துவிடும். கம்பி கட்டி சென்ட்ரிங் அடிக்கும்போதுதான் கையில் ஒன்றும் இருக்காது.

1985-86இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தபோது நாங்கள் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனியானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்தது, மறுவருஷமே சேர்ந்தது, 2007இல் திரும்பவும் பிரிந்தது. அலைச்சல் கோப்புகளுக்குத்தான், தொகுப்பு வீடு கேட்டு நிற்கிற வரிசை அப்படியேதான் இருந்தது.

காண்ட்ராக்டர் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் பில் எப்படிப் போடுவோம்? முதலில் அவர்கள் கைக்காசில் பேஸ்மட்டம் எழுப்ப வேண்டும். நான் போய் அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் பணம். சிமென்ட்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கிலிருந்து கொடுத்து, பில்லில் பிடித்துக்கொள்வோம். "பேஸ்மட்டத்துக்கே தோடு போயிடுச்சு சார், தளத்துக்கு எங்க போவேன்?" என்று ஒரு அம்மா கேட்டார். எம்-புக்கில் அதற்கு ஏது கலம்?

குன்னம், வேப்பூர்ப் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பும், கோடைக்குக் கை நுழைகிற அளவு வெடிக்கும். ஆழமாகத் தோண்டி, மணல் நிரப்பி, அடியில் கான்கிரீட் பெல்ட் போடாவிட்டால் சுவர் பிளந்துவிடும். ஆண்டிமடம் முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே கெட்டித் தரை கிடைக்கும். வீட்டுக்கான தொகை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. கரிசல்காட்டுக்காரர் மண்ணுக்குள் புதைத்த பணம் யார் கண்ணுக்கும் தெரியாது.

குடிசை இருந்த இடத்திலேயே வீடு கட்ட வேண்டும் என்பதால், அதைப் பிரித்த அன்றே குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். ஓரமாகக் கீற்றுச் சாய்ப்பு இறக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் பங்காளி வீட்டுத் திண்ணை. அந்த மாதங்களின் வாடகைக்கென்று எந்தத் திட்டத்திலும் ஒரு தலைப்பை நான் பார்த்ததில்லை.

2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். குடிசைகளைக் கணக்கெடுத்தோம், சுமார் 21 லட்சம் என்று மாநிலக் கணக்கு வந்தது. வீட்டுக்கு முதலில் 60,000 ரூபாய், பிறகு 75,000. அடுத்த வருஷம் ஆட்சி மாறிப் பசுமை வீடு வந்தது: 300 சதுர அடி, 1.80 லட்சம், அதில் 30,000 சூரிய விளக்குக்கு. விளக்கு எரியட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த முப்பதாயிரத்தையும் தளத்தில் போட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தளத்துக்கு வேண்டிய சிமென்ட்டின் கதை வேறு. எங்கள் சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் ஊருக்கெல்லாம் சிமென்ட் போகிறது. அரியலூரில் 1979 முதல் அரசு ஆலையே ஓடுகிறது. ஆனாலும் மூட்டை 190 ரூபாய்க்கு அரசின் மலிவு விலை அம்மா சிமென்ட் கிடைக்க 2015 ஆக வேண்டியிருந்தது. அப்போதைய வெளி விலையைவிட அது நூறு ரூபாய்க்கு மேல் குறைவு.

தளத்தின் பெயரைச் சொல்லியே பணம் வந்தது பிரதமரின் வீடு கட்டும் திட்டத்தில்தான். 2016இல் மத்திய அரசு வகுத்த தொகை 1.20 லட்சம், அதில் நாற்பது சதவீதம் மாநிலத்தின் பங்கு. அந்தத் தொகைக்குள் கான்கிரீட் தளம் முடியாது என்பதால், தமிழ்நாடு தன் பங்குக்கு மேல் தளத்துக்கென்றே 50,000 சேர்த்தது. அது போதவில்லை, பிறகு 1.20 லட்சமாக உயர்த்தினார்கள். வீடு முழுக்க எவ்வளவோ, தளத்துக்கு மட்டும் அவ்வளவு! இத்தனை வருஷம் கொத்தனார்கள் வாயால் சொன்ன கணக்கை அரசாணை ஒப்புக்கொண்டது அப்போதுதான். நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் தனியாக வந்தன.

2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லத்தில் 3.50 லட்சம், 360 சதுர அடி. அதில் 300 அடிக்குத்தான் கான்கிரீட் கட்டாயம். மீதி 60 அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் விறகடுப்பு வைக்க இடம் கேட்டபோதெல்லாம் பிளானில் இல்லை என்று சொல்லிவந்தோம். அந்த 60 அடி அதற்கு ஆகும்.