மிச்சமான நிமிடம் யாருக்கு?

பி.காம். மாணவர்களுக்கு ‘மேலாண்மைக் கோட்பாடுகள்’ பாடத்தில் டெய்லர் என்ற பெயர் தவறாமல் வரும். ‘அறிவியல் மேலாண்மையின் தந்தை’ என்று ஒரு பெரிய கேள்வியே அவருக்கு உண்டு. அவருக்குப் பக்கத்தில் கில்பிரெத் தம்பதியர் இரண்டு வரியில் வந்து போவார்கள். ‘இயக்க ஆய்வு செய்தவர்கள்’, அவ்வளவுதான். தேர்வுக்கு அந்த இரண்டு வரி போதும். ஆனால் அலுவலகம், வீடு, பிள்ளைகள் என்று நாள் முழுக்க ஓடுகிறவர்கள் நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தால், டெய்லரைவிட அந்த இரண்டு வரிக்காரர்களிடம்தான் விஷயம் அதிகம். குறிப்பாக அந்த அம்மையாரிடம்!

முதலில் டெய்லரைப் பார்த்துவிடுவோம். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். வசதியான குடும்பம். ஆனாலும் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார். தொழிலாளிகள் ஒரு நாளில் செய்ய முடிந்த வேலையைச் செய்வதில்லை, வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் ஸ்டாப்வாட்ச். ஒரு வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து, ‘இவ்வளவு நேரத்தில் இது முடிய வேண்டும்’ என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

அவருடைய புகழ்பெற்ற கதை பெத்லஹேம் எஃகு ஆலையில் நடந்தது. ஒவ்வொன்றும் 92 பவுண்டு எடையுள்ள இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் வண்டியில் ஏற்றும் வேலை. ஓர் ஆள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தாராம். டெய்லரின் முறைப்படி அது நாற்பத்தேழரை டன் ஆனது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. தொழிலாளிக்கும் லாபம், முதலாளிக்கும் லாபம் என்றார் டெய்லர்.

வணிகவியல் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு சின்ன வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பு ஒரு டன் ஏற்ற ஆலைக்கு ஆன கூலி ஒன்பது சென்டுக்குச் சற்று அதிகம். புதிய முறையில் நான்கு சென்டுக்கும் குறைவு. வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி உயர்ந்ததோ அறுபது சதவீதம்தான். மிச்சமான நேரத்தின் பெரும்பங்கு எங்கே போனது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. (இந்தக் கதையையே டெய்லர் நிறைய மசாலா சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்று 1974-ல் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களை வைத்துக் காட்டினார்கள். அது வேறு விஷயம்.)

தொழிலாளிகளுக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலம் வாட்டர்டவுனில் இருந்த ராணுவத் தளவாட ஆலையில், ஸ்டாப்வாட்சோடு ஓர் ஆள் வந்து நின்றதும் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் சில நாட்களில் முடிந்துவிட்டது. ஆனால் விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. விசாரணைக் குழு அமைத்து டெய்லரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் 1915-ல், ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளியை அளக்க அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்று நிதி மசோதாவிலேயே எழுதிவிட்டார்கள். அந்தத் தடை 1949 வரை நீடித்தது! டெய்லர் அதே 1915-ல், 59 வயது நிறைந்த மறுநாள், நிமோனியாவில் இறந்துபோனார்.

டெய்லருக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவர் ஃபிராங்க் கில்பிரெத். கல்லூரியில் சேரும் வாய்ப்பு இருந்தும் போகாமல், 17 வயதில் கொத்து வேலைக்குப் போனவர். வேலை கற்றுக்கொள்ளப் போன இடத்தில் அவருக்கு ஒரு குழப்பம். ஒரு கொத்தனார் செங்கல் வைக்கும் முறை ஒன்று, பக்கத்துக் கொத்தனாரின் முறை இன்னொன்று. அதே கொத்தனார் நிதானமாக வேலை செய்யும்போது ஒரு மாதிரி, அவசரத்தில் வேறு மாதிரி. இதில் எது சரி?

உட்கார்ந்து கவனித்தார். தரையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் இடுப்பை வளைத்துக் குனிந்து நிமிர்கிறார். தூக்குவது ஒரு செங்கல்லை, ஆனால் கூடவே தன் பாதி உடம்பையும் அல்லவா தூக்குகிறார்? கல்லைக் கையில் எடுத்த பிறகு நல்ல முகம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கலவை கெட்டியாக இருப்பதால் கல்லை வைத்துவிட்டுக் கரணையால் தட்டுகிறார். இதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினார் கில்பிரெத். சுவர் உயர உயரத் தானும் உயர்த்திக்கொள்ளக்கூடிய சாரம் அமைத்தார். கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் ஒரு பலகையில் வந்து நின்றன. நல்ல முகம் பார்த்து அடுக்கி வைப்பதைக் கூலி குறைந்த சித்தாள் முன்கூட்டியே செய்துவிட்டார். கலவையின் பதத்தைச் சரிசெய்ததால் தட்டும் வேலையே இல்லை. ஒரு கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டது ஐந்தாகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் 350 வைத்தார்கள்.

இங்கே டெய்லருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டெய்லர் கேட்டது, ‘எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?’ கில்பிரெத் கேட்டது, ‘இதில் எதைச் செய்யாமலே விடலாம்?’ கொத்தனாரின் கை முன்பைவிட வேகமாக ஆடவில்லை. வீண் அசைவு போனது, நேரம் தானாக மிச்சமானது. நியாயமாகச் சொன்னால், டெய்லரும் இரும்பு தூக்குகிறவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று கணக்கிட்டவர்தான். ஆனால் கடிகாரம் என்னவோ எப்போதும் மேலதிகாரியின் கையில் இருந்தது.

1904-ல் ஃபிராங்க், கலிபோர்னியாவைச் சேர்ந்த லில்லியன் மோலரை மணந்தார். 1900-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் லில்லியன். அந்த ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் பேசியவர்களில் இவரும் ஒருவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பேசிய முதல் பெண். திருமணத்துக்குப் பிறகு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே உளவியல் பக்கம் திரும்பி, 1915-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவருடைய மேலாண்மை உளவியல் நூலின் அட்டையில் ‘எல். எம். கில்பிரெத்’ என்று மட்டும்தான் இருந்தது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் விற்காது என்று பதிப்பாளருக்குப் பயம்!

கல்லையும் கலவையையும் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் கண்ணைக் களைப்பின் பக்கம் திருப்பியவர் லில்லியன்தான் எனலாம். 1916-ல் இருவரும் சேர்ந்து களைப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவருக்கு ஒரு நாற்காலி, ஏற்ற உயரத்தில் ஒரு மேசை, நல்ல வெளிச்சம், இடையிடையே ஓய்வு. இவை சலுகைகள் அல்ல, வேலையின் பகுதிகள் என்பது அவர்கள் கட்சி. அசைவுகளைத் திரைப்படக் கேமராவில் பதிவு செய்து, அடிப்படை அசைவுகளாகப் பிரித்தார்கள். தேடுதல், எடுத்தல், பிடித்தல், கொண்டுபோதல் என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘களைப்பு நீங்க ஓய்வு’ என்பதும் ஓர் அசைவு. அவற்றுக்குத் தங்கள் குடும்பப் பெயரையே ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டு ‘தெர்ப்ளிக்’ என்று பெயர் வைத்தார்கள். அறுவைச் சிகிச்சை அறையில் மருத்துவர் கையை நீட்ட, செவிலியர் கருவியை உள்ளங்கையில் வைக்கும் வழக்கத்துக்கும் ஃபிராங்க் மருத்துவமனைகளில் எடுத்த படங்களே வழிகாட்டின.

வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள். அதில் மேரி என்ற மகள் ஐந்து வயதில், 1912-ல், டிப்தீரியாவில் இறந்துவிட்டாள். மற்ற பதினொருவரையும் வைத்து ஃபிராங்க் செய்த சோதனைகளைப் பின்னாளில் அவருடைய மகனும் மகளும் சேர்ந்து 1948-ல் ஒரு நூலாக எழுதி, அது பெரும் வெற்றி பெற்றது. 1950-ல் படமாகவும் வந்தது. சட்டைக்கு மேல் போடும் வெயிஸ்ட்கோட்டின் பொத்தானை மேலிருந்து கீழே போட்டால் ஏழு நொடி, கீழிருந்து மேலே போட்டால் மூன்று நொடி. ஆகவே அவர் எப்போதும் கீழிருந்துதான்! சவரத்தில் இரண்டு கையிலும் இரண்டு கத்தி பிடித்துப் பார்த்தார். 44 நொடி மிச்சம். ஆனால் கழுத்தில் வெட்டிக்கொண்டு, கட்டுப் போட இரண்டு நிமிடம் போய்விட்டது. வெட்டுக்காயத்தைவிட அந்த இரண்டு நிமிடம்தான் அவருக்கு அதிகம் வலித்ததாம்.

படிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரிப்பு நின்ற நாள் 1924 ஜூன் 14. நியூஜெர்சியில் மான்ட்கிளேர் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோதே ஃபிராங்க் மாரடைப்பில் சரிந்தார். வயது 55. மூத்த மகளுக்குப் பதினெட்டு வயது, கடைக்குட்டிக்கு இரண்டு. ஐரோப்பாவில் நடக்க இருந்த மாநாடுகளுக்கு ஃபிராங்க் போவதாக ஏற்பாடு. சில நாட்களிலேயே அவருக்குப் பதிலாக லில்லியன் கப்பல் ஏறினார். துக்கத்துக்குக்கூட நேரம் ஒதுக்கவில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் வருமானம் நின்றுபோன வீட்டில் பதினொரு பேர் சாப்பிட வேண்டுமே!

இத்தனை ஆண்டு சேர்ந்து செய்த தொழில்தான். ஆனாலும் வாடிக்கையாளர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. தொழிற்சாலைக்கு யோசனை சொல்ல ஒரு பெண்ணா என்ற எண்ணம். லில்லியன் வீட்டிலேயே இயக்க ஆய்வு வகுப்புகள் தொடங்கினார். மேசிஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடிக்கு வேலை செய்தார். பிறகு, ஆண்கள் போட்டிக்கு வராத ஓர் இடத்தைப் பிடித்தார். அது சமையலறை.

கொத்தனாருக்கு என்ன நடந்ததோ அதேதான் சமையலறையிலும் நடந்துகொண்டிருந்தது. அடுப்பு ஒரு மூலை, தண்ணீர்த் தொட்டி ஒரு மூலை, மாவும் சர்க்கரையும் வேறொரு அலமாரியில். மேடை எல்லா வீட்டிலும் ஒரே உயரம். நிற்கிறவர் குள்ளமா உயரமா என்ற கவலை கட்டியவருக்கு இல்லை. 1929-ல் ஒரு எரிவாயு நிறுவனத்துக்காக லில்லியன் வடிவமைத்த மாதிரிச் சமையலறையில் அடுப்பும் மேடையும் அலமாரியும் கைக்கெட்டும் தூரத்தில் வளைந்து நின்றன. பழைய மாதிரி அறையிலும் புதிய மாதிரி அறையிலும் ஒரே கேக்கைச் செய்து அளந்து பார்த்தார்கள். 281 முறை காலடி எடுத்து வைக்க வேண்டியிருந்த இடத்தில் 45 முறை போதுமானதாக இருந்தது! காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி, ஃபிரிட்ஜ் கதவின் உட்பக்கத் தட்டுகள் இவையும் அவருடைய யோசனைகளாகவே சொல்லப்படுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லில்லியனுக்குச் சமையலில் ஆர்வமே கிடையாது. சமையலையும் வீட்டு வேலைகளையும் வேலையாட்கள் பார்த்தார்கள். ஃபிராங்கின் தாயார் பல ஆண்டுகள் கூடவே இருந்தார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். யார் எந்த வேலை என்று குடும்பக் கூட்டம் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். ஆகவே ‘பதினொரு பிள்ளைகளையும் வளர்த்து, நிறுவனமும் நடத்திய அதிசயப் பெண்’ என்று பத்திரிகைகள் எழுதியது பாதி உண்மை. ஒருத்தி தன் 24 மணி நேரத்தைத் திறமையாகப் பங்குபோட்டதால் மட்டும் அது நடக்கவில்லை. வேலையை மற்றவர்களும் பங்குபோட்டதால் நடந்தது. நேரத்தை மிச்சப்படுத்த வழி சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

அது எவ்வளவு பெரிய விடுபடல் என்று பின்னாளில் தெரிந்தது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாய்வாளர் 1983-ல் எழுதிய நூலில், சலவை இயந்திரமும் குழாய்த் தண்ணீரும் எரிவாயு அடுப்பும் வந்த பிறகும் அமெரிக்க இல்லத்தரசியின் வேலை நேரம் பெரிதாகக் குறையவில்லை என்று காட்டினார். விறகு பிளந்த ஆணுக்கும் தண்ணீர் சுமந்த பிள்ளைக்கும் வேலை போயிற்று. வேலையாட்களும் நின்றுவிட்டார்கள். வாரம் ஒரு முறை மாற்றிய சட்டையைத் தினம் மாற்றத் தொடங்கினார்கள். இயந்திரம் மிச்சப்படுத்திய நிமிடங்களில் வேறு வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. பெத்லஹேம் ஆலையில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேஸ்திரியும் ஸ்டாப்வாட்சும் மட்டும் இங்கே கிடையாது.

லில்லியன் 1935-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பொறியியல் பிரிவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அங்கே அவர்தான். 1965-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. எண்பது வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். உடல் ஊனமுற்றவர்கள் உட்கார்ந்தபடியே சமைக்கவும் வீட்டு வேலை செய்யவும் ஏற்ற அமைப்புகளில் அவர் காட்டிய அக்கறை கடைசிவரை குறையவில்லை. 1972 ஜனவரி 2-ம் தேதி, 93 வயதில் காலமானார். பிள்ளைகள் எல்லோரும் கல்லூரி போக வேண்டும் என்பது ஃபிராங்கின் ஆசை. அவர் இறந்த பிறகு, பதினொரு பேரையும் லில்லியன் கல்லூரியில் படிக்க வைத்தார்.