இரண்டும் ஐந்தும் இடம் மாறினால்?

2001 மே மாதம் நடந்த தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் பயன்பட்டன. கோவையின் கிழக்குப் பகுதியிலுள்ள சிங்காநல்லூரும் அவற்றுள் ஒன்று. சீட்டுகளைப் பிரித்து, கட்டுக்கட்டி எண்ணும் வேலை போயிற்று. அலுவலர் பொத்தானை அழுத்தினார். ஒளிர்ந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டார். முகவர்கள் கண்டதும் அந்த எண்ணைத்தான். இயந்திரத்தின் நினைவகத்திலிருந்த எண்ணை யாரும் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றேதானா? இதற்கு விடை காண, ஓர் எண் எப்படி ஒளிர்கிறது என்று முதலில் பார்ப்போம்.

எட்டு என்ற இலக்கத்தை நேர்க்கோடுகளால் எழுதிப் பாருங்கள். ஏழு கோடுகள் வரும். அவற்றுள் வேண்டியவற்றை மட்டும் ஏற்றினால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் கிடைக்கும். இது புதிய எண்ணமன்று. அமெரிக்காவில் பிராங்க் உட் என்பவர் 1908-இலேயே இத்தகைய விளக்குப் பலகைக்குக் காப்புரிமை கேட்டார். நான்கை எழுதச் சாய்கோடு ஒன்றையும் சேர்த்ததால் அவருடைய பலகையில் எட்டுக் கோடுகள் இருந்தன. ஒளிர் டையோடுகள் வந்தபின், 1970-களில் கணிப்பான்களின் வழியே ஏழு கோட்டு இலக்கங்கள் உலகெங்கும் பரவின.

நான்கு இலக்கங்களுக்கு 28 கோடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி இழுத்தால், சிறிய கணிப்பொறிச் சில்லில் அத்தனை கால்களுக்கு எங்கே போவது? இங்கே கைகொடுப்பது ‘ஷிப்ட் ரிஜிஸ்டர்’ எனப்படும் நகர்வுப் பதிவி. 1944-இல் இங்கிலாந்தில் பகைவரின் மறைமொழிகளை உடைக்க உதவிய கொலோசஸ் கணிப்பொறியிலேயே இத்தகைய அமைப்பு இருந்தது. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்து ஏறியிருக்கிறீர்களா? ஒரே வாசலில் ஒவ்வொருவராக ஏற, முதலில் ஏறியவர் உள்ளே கடைசிவரை தள்ளப்படுகிறார் அல்லவா? பதிவியிலும் அப்படியே. ஒன்றும் பூச்சியமுமான ‘பிட்’டுகள் ஒரே கம்பி வழியே வரிசையாக நுழைகின்றன, முதலில் நுழைந்தது கடைசி இடத்தில் போய் நிற்கிறது. ஒன்று நிற்கும் இடத்துக் கோடு ஒளிர்கிறது. பூச்சியம் நிற்கும் இடத்துக் கோடு அணைந்திருக்கிறது.

எந்தப் பிட் எந்தக் கோட்டுக்கு உரியது என்பதைச் சில்லுக்குச் சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இது பத்தே எண்கள் கொண்ட ஒரு வரிசை. மேல்கோட்டுக்கு 1, வலமேல் 2, வலக்கீழ் 4, அடிக்கோடு 8, இடக்கீழ் 16, இடமேல் 32, நடுக்கோடு 64 என்று மதிப்பிடுவோம். இலக்கம் 2-க்கு மேல், வலமேல், நடு, இடக்கீழ், அடி ஆகியவை ஒளிர வேண்டும். கூட்டினால் 91. இதேபோல் 5-க்கு 109 வரும். நீங்களே கூட்டிப் பாருங்கள்.

பலகையைச் செய்பவர் தமக்கு வசதியானபடி கம்பிகளை அமைத்துவிடுவதுண்டு. இடப்பக்கக் கம்பிகளும் வலப்பக்கக் கம்பிகளும் மாறிவிட்டன என்று வையுங்கள். இப்போது 91-ஐ அனுப்பினால் ஒளிர்வது 5. 109-ஐ அனுப்பினால் ஒளிர்வது 2. நினைவகத்தில் 25 வாக்குகள் பழுதின்றி இருக்கும். கண்ணுக்குத் தெரிவதோ 52! எல்லாக் கோடுகளும் ஏறுகின்றனவா என்று 8-ஐக் காட்டிச் சோதிப்பது வழக்கம். ஆனால் 8-உம் 0-உம் இடவலம் மாறினாலும் உருமாறா. ஆகவே அந்தச் சோதனையில் இப்பிழை அகப்படாது. பத்து இலக்கங்களையும் காட்டிப் பார்க்க வேண்டும். பிழை தெரிந்தால் கம்பியைத் தொட வேண்டியதில்லை; அட்டவணையைப் பலகைக்கேற்ப மாற்றி எழுதினால் போதும்.

அறியாமல் நேரும் இது வேண்டுமென்றே செய்யப்பட்டால்? 2010-இல் ஹரி பிரசாத், ஹால்டர்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் இந்திய வாக்கு இயந்திரத்தின் காட்சிப் பலகையை மட்டும் மாற்றி, நினைவகத்தைத் தொடாமலே வேறு எண்களைக் காட்டச் செய்தனர். முத்திரையும் காவலும் உள்ள இயந்திரத்தில் இது நடவாது என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். ஆயினும் ஒளிரும் எண்ணுக்குத் தனியே ஒரு சாட்சி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் அச்சுச் சீட்டு முறை முதன்முதலாக வந்தது. வாக்காளர் தம் சீட்டை ஏழு வினாடிகள் கண்ணாடி வழியே காணலாம். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்பட்டு, இயந்திரத்தின் எண்ணோடு ஒப்பிடப்படுகின்றன. சிங்காநல்லூரும் இதில் அடக்கம்.

ஏழு கோடுகள் காட்டுவது எண்ணை அன்று. எண்ணைப் பற்றி ஓர் அட்டவணை சொல்லும் செய்தியை. அச்செய்தி மெய்யா என்பதை அதே பலகையைக் கேட்டு அறிய முடியாது. வேறொரு சாட்சியைத்தான் கேட்க வேண்டும்.