தென்காசிக் கோபுரமும் சாரத்தில் இழந்த நாள்களும்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்த்துக் காப்போரின் அடிபணிவதாகக் கல்லில் பொறித்துவைத்தான். கட்டுவித்தவனின் மனம் அதில் தெரிகிறதே தவிர, கட்டியவர்களின் உழைப்புநாள் கணக்குத் தெரிவதில்லை. அக்கோயிலின் கோபுரம் பின்னர் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1990இல் ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்தது.

உயரத்தில் நடக்கும் இத்தகைய பணிகளைத் தமிழகத்தில் தாங்கிவந்தது சாரம், அதாவது சவுக்குக் கம்பையோ மூங்கிலையோ குத்துக்காலாக நட்டு, குறுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து, மேலே பலகை பரப்பும் தற்காலிக அமைப்பு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் காற்றும் குற்றாலச் சாரலும் இதற்குக் கடுஞ்சோதனை: பலகை வழுக்கும், நனைந்து காயும் நார்க்கயிற்றில் முடிச்சுத் தளரும். ஊருக்கு வருமானம் தரும் சீசனே கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஆபத்தான பருவமாகிறது.

சாரத்திலிருந்து விழுந்தவர் படுக்கையில் கழிக்கும் நாளுக்கும் மதிப்புண்டு என்று ஏற்றது, 1924 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். ஆனால் தற்காலிக ஊனத்திற்கு, அதாவது குணமாகும்வரை வேலை செய்ய இயலாத நிலைக்கு, அது 10 நாள் காத்திருப்புக் காலம் விதித்தது. அந்நாள்களுக்கு ஒன்றும் கிடையாது. அது 1933இல் 7 நாளாகவும் 1959இல் 3 நாளாகவும் குறைந்தபோதும், அன்றாடக் கூலியை நம்பிய வீட்டில் முதல் நாளே உலை கொதிப்பது நின்றுவிடும் என்பதைச் சட்டம் முழுமையாக உணரவில்லை. விபத்தின் இழப்பை மனித நாள்களாக அளக்கும் இந்தியத் தர முறை, ஒரு மரணத்தை 6,000 நாள், அதாவது ஆண்டுக்கு 300 நாள் வீதம் 20 ஆண்டு உழைப்பு என்று கொள்கிறது; விழுந்தவரைக் கவனிக்க மனைவி வேலைக்குப் போகாமல் இழக்கும் நாள்களோ அந்தக் கணக்கில் சேர்வதில்லை. இக்குறை சிறியதன்று.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. சாரத்தின் பாதுகாப்புக்கு நாடு தழுவிய விதிகளை வகுக்க வழிசெய்த மத்தியச் சட்டம் 1996இல், அதாவது தென்காசிக் கோபுரம் எழுந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது. அதுவும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், பத்து லட்சம் ரூபாய்க்குள் தமக்கென வீடு கட்டுவோரையும் விலக்கிவைத்ததால், சிற்றூர் வீடுகளின் சாரத்தில் ஏறியவர்களே அதன் காவலுக்கு வெளியே நின்றார்கள்.