சாராயக் கடை முதல் சிகிச்சை மையம் வரை: இந்தியாவில் போதைச் சிகிச்சைக்கான முகவரிகளின் வரலாறு

குடியையோ போதைப்பொருளையோ விட விரும்பும் ஒருவர் எங்கே போவது? இன்றைய இந்திய மாவட்டம் ஒன்றில் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சமூக நீதி அமைச்சகத்தின் மானியத்தில் இயங்கும் தொண்டு நிறுவனம், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் உள்ள மாற்று மருந்து மையம், தேவாலயக் கூடத்தில் மாலையில் கூடும் குழு, நெடுஞ்சாலையோரம் பெயர்ப்பலகை வைத்திருக்கும் தனியார் விடுதி என ஒவ்வொன்றும் வேறு துறையின் கீழ், வேறு சட்டத்தின் கீழ், வேறு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. இந்தச் சிதறல் தற்செயலானதன்று. போதைக்கு ஆட்பட்ட மனிதரை அரசு யாராகக் கண்டது என்பது காலந்தோறும் மாறிவந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய முகவரியை விட்டுச்சென்றதே தவிர, பழைய முகவரியை அழிக்கவில்லை.

இதில் எவ்வளவு பணயமாக இருக்கிறது என்பதை ஓர் எண் காட்டும். சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக எய்ம்ஸின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-இல் வெளியானது. மதுச் சார்புநிலையில் உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையைப் பெற்றிருந்தார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சட்டவிரோதப் போதைப்பொருள்களைச் சார்ந்திருப்போரில் இது 20 பேருக்கு ஒருவர். அதே ஆய்வின்படி மதுச் சார்புநிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர்.

காலனிய அரசுக்கு அபினி உண்பவர் முதன்மையாக ஒரு வருவாய் இனம். 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள அபினி வணிகத்தைக் கம்பெனியின் முற்றுரிமையாக்கினார். அபினி சீனாவுக்குப் போனது. மிஞ்சியது உரிமம் பெற்ற கடைகள் வழியே உள்நாட்டில் விற்கப்பட்டது. இங்கிலாந்தின் அபினி எதிர்ப்பாளர்கள் தந்த அழுத்தத்தால் 1893-இல் பிரஸ்ஸி பிரபுவின் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. பயிரிடுவதையும் விற்பதையும் தடை செய்யலாமா, செய்தால் கருவூலத்துக்கு என்ன இழப்பு, மக்களின் உடலிலும் ஒழுக்கத்திலும் அபினியின் விளைவு யாது என்பனவே அதன் முன் இருந்த கேள்விகள். 1895-இல் வந்த அறிக்கை தடை தேவையில்லை என்றது. இந்தியக் குடும்பங்களில் அபினி கைமருந்தாகப் பயன்பட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. விட விரும்புபவரை என்ன செய்வது என்பது அவ்விவாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை.

அதே ஆண்டுகளில் கஞ்சாவை ஆராய்ந்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் (1893-94) இன்னொரு முகவரியைத் தொட்டது: பைத்தியக்கார மருத்துவமனை. கஞ்சாவால் பித்துப் பிடித்தவர்கள் என்று மனநலக் காப்பகப் பதிவேடுகள் பலரைக் குறித்திருந்தன. 1892-இல் சேர்க்கப்பட்டோரின் பதிவுகளை ஆணையம் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று விசாரித்தது. நோயின் 'காரணம்' என்ற கட்டத்தைப் பல இடங்களில் மருத்துவ ஆய்வு நிரப்பவில்லை, ஆளைக் கொண்டுவந்த காவலரின் வாய்ச்சொல் நிரப்பியது என்பது தெரியவந்தது. ஒரு படிவத்தின் ஒரு கட்டம் அறிவியல் உண்மையாக உருமாறிய கதை இது. போதைக்காரர், பைத்தியக்காரர், குற்றவாளி ஆகிய மூவரையும் ஒரே காவலர் ஒரே கதவுக்கு அழைத்துவரும் நடைமுறையும் இங்குதான் எழுத்தில் பதிவாகிறது.

தேசிய இயக்கம் குடியை வேறு கோணத்தில் பார்த்தது. குடிப்பவர் சுரண்டப்பட்டவர், குற்றம் கடையினுடையது, கடைக்கு உரிமம் தந்த அரசினுடையது. எனவே மருந்து கடையை மூடுவது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது. அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு, மருந்துத் தேவை நீங்கலாக மதுவையும் போதைப்பொருளையும் விலக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அப்பிரிவு பொதுச் சுகாதாரத்தைப் பேசும் பிரிவுதான். ஆயினும் அதில் விலக்கு உண்டு, சிகிச்சை என்ற சொல் இல்லை.

மதுவிலக்கு தன்னை அறியாமலே ஒரு நோயாளியை உருவாக்கியது. 1949-இல் கூடிய அகில இந்திய அபினி மாநாடு, மருத்துவம் சாராத அபினிப் பயன்பாட்டைப் பத்தாண்டுகளில் முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. பழகிப்போனவர்களை ஒரே நாளில் கைவிட முடியாது என்பதால், பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அளவிட்டு அபினி வழங்கும் முறை நிலைத்தது. மதுவிலக்கு நடப்பிலிருந்த பம்பாய் மாகாணத்தில் உடல்நலக் காரணம் காட்டி அனுமதிச் சீட்டு பெறும் வழி இருந்தது. குஜராத்தில் அது இன்றும் உள்ளது. ஆக, சுதந்திர இந்தியாவில் போதைக்குப் பழகியவரின் கைக்கு வந்த முதல் மருத்துவச் சான்று அவர் தொடர்ந்து உட்கொள்வதற்கான அனுமதியாக இருந்தது. இதை நகைமுரணாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. உடலின் சார்பு ஒழுக்கக் கட்டளைக்குப் பணிவதில்லை என்பதை நிர்வாகம் நடைமுறையில் ஒப்புக்கொண்ட தருணம் அது.

நோய் என்ற கருத்து வேறு பாதையில் வந்தது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1950-களின் பிற்பகுதியில் இந்தியப் பெருநகரங்களை எட்டியது. கட்டணமில்லை, பதிவேடில்லை, மருத்துவரில்லை. குடியை விட்டவரே விட முயல்பவருக்குத் துணை. தமிழில் 'குடிகாரன்' என்ற வசைச்சொல்லின் பக்கத்தில் 'குடிநோயாளி' என்ற சொல் வந்து நின்றதை இந்தப் பார்வையின் தடமாகக் கொள்ளலாம். ஒன்றில் இகழ்ச்சி விகுதி, மற்றொன்றில் மரியாதை ஏற்கும் விகுதி. உறவினர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு இலக்கணக் குறிப்பு மட்டுமன்று.

1980-களே திருப்புமுனை. 'பிரவுன் சுகர்' என்ற பெயரில் தூய்மை குறைந்த ஹெராயின் பம்பாய், டெல்லி வீதிகளில் பரவியது. அரசு அசைவதற்கு முன்பே தனிமனிதர்கள் அசைந்தார்கள். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 1981-இல் பம்பாயில் பாதிரியார் ஜோ பெரைரா கிருபா அறக்கட்டளையை நிறுவினார். 1986-இல் மனநல மருத்துவர் அனிதா அவசட்டும் எழுத்தாளர் அனில் அவசட்டும் புனேயில் முக்தாங்கணைத் தொடங்கினர். மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே அதற்குத் துணைநின்றார். ராஜஸ்தானில் ஜோத்பூருக்கு அருகே நாராயண் சிங் மாணக்லாவ் அபினிப் பழக்கத்துக்கான முகாம்களை ஊர்ப்புறத்தில் நடத்தினார். ஓர் அறக்கட்டளை, ஒரு பாதிரியார், ஓர் எழுத்தாளர் குடும்பம், ஒரு கிராமச் சமூக சேவகர்: இன்றைய சிகிச்சை வரைபடத்தின் முதல் புள்ளிகளை இட்டவர்கள் இத்தகையோர்.

அரசு முதலில் கையில் எடுத்தது தண்டனைச் சட்டத்தை. 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம் இருமுகம் கொண்டது. அதன் 27-ஆம் பிரிவு உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. 71-ஆம் பிரிவு சிகிச்சை மையங்களை அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 39-ஆம் பிரிவு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழிவிடுகிறது. பின்னர் சேர்க்கப்பட்ட 64அ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. தண்டிக்கும் பிரிவு தானாக இயங்கும். சிகிச்சைப் பிரிவுக்கோ கட்டடமும் மருத்துவரும் நிதியும் தேவை. மேலும் மது இச்சட்டத்துக்குள் இல்லை. அது மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்களின் ஆயத்தீர்வை வருவாய் அதில் தங்கியிருக்கிறது.

மருத்துவமனைகளும் அதே பத்தாண்டில் வந்தன. சுகாதார அமைச்சகத்தின் போதை மீட்புத் திட்டம் 1987-88-இல் தொடங்கியது. எய்ம்ஸின் மையம் 1988-இல் டெல்லியின் தீனதயாள் உபாத்தியாய மருத்துவமனையில் தொடங்கி, 2003-இல் காசியாபாத்துக்கு இடம்பெயர்ந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1991-இல் தனிப்பிரிவு வந்தது. இதற்கு இணையாகவே சமூக நல அமைச்சகம் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தரத் தொடங்கியது. இரு அமைச்சகங்கள், இரு வலைப்பின்னல்கள்: ஒன்றில் மருத்துவர் உண்டு, மாதக்கணக்கில் தங்க இடம் குறைவு, மற்றொன்றில் தங்க இடம் உண்டு, முழுநேர மருத்துவர் அரிது.

இக்காலத்தில் நிலைபெற்ற 'டி-அடிக்‌ஷன்' என்ற சொல்லை நின்று கவனிக்க வேண்டும். ஆங்கிலம் பேசும் பிற நாடுகளில் அரிதாகவே புழங்கும் இச்சொல் இந்தியாவில் பெயர்ப்பலகைதோறும் காணப்படுகிறது. அதன் அடிச்சொல்லான 'அடிக்ட்' உரோமச் சட்டத்திலிருந்து வருகிறது: கடனைத் தீர்க்க முடியாமல் கடன்கொடுத்தவருக்கு ஒப்படைக்கப்பட்டவன் 'அடிக்டஸ்'. தமிழின் 'போதைக்கு அடிமை' அதே உருவகத்தைத் தனித்துச் சென்றடைகிறது. அடிமைத்தளை என்று கண்டால், சிகிச்சை விடுதலையாகிவிடுகிறது: இந்தியில் 'நஷா முக்தி', மராத்தியில் 'வியசன்முக்தி', தமிழில் 'போதை மீட்பு'. முக்தி ஒருமுறை நிகழ்வது. மீண்டவர் மறுபடி வீழ்ந்தால் அது அவருடைய தோல்வியாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1964-லேயே 'சார்பு' என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. மருத்துவம் இன்று இதைத் திரும்பத் திரும்ப வரக்கூடிய நாட்பட்ட நோயாகக் காண்கிறது. நீரிழிவைப் போல நெடுங்காலக் கவனிப்பை வேண்டுவது.

சொல்லின் இப்பிழை உயிரைத் தொடுகிறது. நெடுநாள் அளவு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவக் கண்காணிப்பும் தயமின் ஊசியும் அமைதிப்படுத்தும் மருந்தும் இல்லாவிட்டால் சாவும் நேரலாம். ஹெராயினில் இடர் வேறு முனையில் இருக்கிறது. சில மாதங்கள் அடைத்துவைக்கப்பட்டவரின் உடல் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். 'முக்தி' பெற்று வெளியேறும் நாளே அவருக்கு மிகவும் ஆபத்தான நாள்களில் ஒன்று.

இதை நாட்டுக்கு முதலில் உணர்த்தியது வடகிழக்கு. மியான்மர் எல்லை வழியே வந்த ஹெராயினும் பகிரப்பட்ட ஊசிகளும் சேர்ந்து 1980-களின் இறுதியில் மணிப்பூரில் எச்.ஐ.வி. தொற்றைப் பெருக்கின. முழுமையாக விடும்வரை காத்திருந்தால் ஆளே இருக்கமாட்டார் என்ற நிலையில், தீங்கைக் குறைக்கும் அணுகுமுறை வேரூன்றியது: தூய ஊசி, நாவின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை. 2007-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதைத் தன் திட்டத்தில் சேர்த்தது. பஞ்சாப் 2017-இல் இதே மருந்தைப் புறநோயாளி மையங்கள் வழியே வழங்கத் தொடங்கியது. 2020-இன் ஊரடங்கில் வீட்டுக்கே மாத்திரை கொடுத்தனுப்ப நேர்ந்தது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்ற எதிர்ப்பு இன்றும் ஓயவில்லை. அளவிட்டு அபினி வழங்கிய பழைய பதிவேட்டை நினைவில் வைத்திருப்போருக்கு இக்கேள்வி புதிதன்று.

கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுசெல்லும் வழியும் தொடர்ந்தது. சென்னை அறக்கட்டளை 1989 முதல் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய முகாம்கள் இதற்குச் சான்று. அங்கே நோயாளி ஊரை விட்டுப் போவதில்லை. குடும்பமும் ஊராரும் சிகிச்சையின் பகுதியாகிறார்கள்.

மறுமுனையில், தேவைக்கும் வசதிக்கும் இடையிலான வெற்றிடத்தைத் தனியார் விடுதிகள் நிரப்பின. அவற்றுள் சிலவற்றிலிருந்து அடி, சங்கிலி, மரணம் பற்றிய செய்திகள் வருகின்றன. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த நிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நோயாளியைச் சங்கிலியிடுவதை 95-ஆம் பிரிவு முற்றாகத் தடைசெய்கிறது. தனியறையில் அடைத்துவைப்பதை 97-ஆம் பிரிவு தடுக்கிறது. பதிவில்லாமல் மனநல நிறுவனம் நடத்துவது குற்றம். சட்டப்படி அந்த விடுதிக்காரரின் முன் நிற்பவர் கைதியல்லர், உரிமையுள்ள நோயாளி.

இன்று 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸின் 14416 என்ற மனநல எண்ணும் உள்ளன. இவை தரும் முகவரிகளுள் எது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பிரித்தறியச் சில எளிய கேள்விகள் போதும். மனநலச் சட்டத்தின் கீழ் பதிவு உண்டா? முதல் வாரத்தில் மருத்துவர் இருப்பாரா? நோயாளி தானாக வெளியேற முடியுமா, குடும்பம் வந்து பார்க்க முடியுமா? ஹெராயின் பழக்கம் என்றால் மாற்று மருந்து கிடைக்குமா? வெளியே வந்த பின் எத்தனை மாதம் தொடர்பில் இருப்பார்கள்? மறுபடி குடித்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு ஒரு மையம் தயங்காமல் 'ஆம்' என்று சொன்னால், வந்தவரை அது நோயாளியாகக் காண்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.