சீக்கியரும் திருத்தலப் பயணமும்



வைகாசித் திங்களில் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர் நிலையை விட்டுப் புறப்படும் காட்சியைக் காணாதவர் நம் பகுதியில் மிகச் சிலரே. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வந்து வடம் பிடிப்பர். அதே ஊரில் லூர்து அன்னை திருத்தலத்தின் குளக்கரையிலும் ஆண்டுதோறும் யாத்திரிகர் கூடுவர். எங்கும் நிறைந்த இறைவனை வீட்டிலிருந்தே வணங்கலாமே. வெயிலில் நடந்து ஓரிடத்தை நாடிச் செல்வானேன்? இவ்வினாவைப் பஞ்சாப் நாட்டில் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்னரே துணிவுடன் எழுப்பினார் குரு நானக்.

1469-இல் பிறந்த அப்பெரியாரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அரித்துவாரத்தில் கங்கையில் நின்றோர், மறைந்த முன்னோர்க்கென்று கிழக்கு நோக்கி நீரை இறைத்தனராம். நானக்கோ மேற்கு நோக்கி இறைத்தார். காரணம் கேட்டவர்களிடம், பஞ்சாபிலுள்ள தம் வயலுக்கு நீர் பாய்ச்சுவதாகச் சொன்னார். அவர்கள் நகைத்தனர். மறு உலகுக்கே உங்கள் நீர் சென்று சேருமாயின், இவ்வுலகத்திலுள்ள என் வயலுக்குச் சேராதோ என்று அவர் திருப்பிக் கேட்டார். மனத்தின் அழுக்கைத் தீர்த்தத்தின் நீர் கழுவாது என்பதே அவருடைய கொள்கை.

ஆயினும், யாத்திரையைப் பற்றி இவ்வாறு கேட்டவரே வாழ்நாளிற் பெரும்பகுதியைப் பயணத்திற் கழித்தார். இராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் அவர் வந்தார் என்பது சீக்கியர் மரபு. அதன் நினைவாக இராமேசுவரத்தில் இன்றும் ஒரு குருத்துவாரம் உள்ளது. இறுதியில் அவர் இராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூர் என்னும் ஊரை அமைத்து, ஏர் பிடித்து உழுது, அடியாரோடு கூடி உண்டு, 1539-இல் மறைந்தார்.

அவர் வழிவந்த குருமார்கள் திருத்தலங்களை எழுப்பியது முரண்பாடோ எனில், அன்று. மூன்றாம் குருவாகிய அமர்தாசர் கோயிந்துவாலில் 84 படிகளையுடைய கிணறு ஒன்றை அமைத்தார். வைசாகியிலும் தீபாவளியிலும் அடியார்கள் அங்கே கூடுமாறு பணித்தார். ஆனால் அவரைக் காண வருவோர், முதலில் லங்கர் எனப்படும் பொது உணவுச் சாலையில் எல்லோரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். சாதிக்கொரு பந்தி இருந்த நாளில் இது எளிய கட்டளை அன்று. தீர்த்தம் செய்யாததை அங்கே பந்தி செய்தது.

அமிர்தசரசுக் குளம் 1577-இல் நான்காம் குரு இராமதாசர் காலத்தில் தோண்டப்பெற்றது. அதன் நடுவே அமைந்த ஹரிமந்திரில் 1604-இல் ஐந்தாம் குரு அர்ச்சுனர் திருநூலை எழுந்தருளச் செய்தார். நாற்றிசை மக்களுக்கும் நான்கு வாயில்கள் அதற்கு உண்டு. அக்குளத்தில் சேறு மண்டும்போது அடியாரே இறங்கித் தலைச்சுமையாக அள்ளிக் கொட்டுவர். 1923-இல் அவ்வாறு பெருந்திரளாகக் கூடிச் செய்தனர். ஏரியும் வாய்க்காலும் சூழ்ந்த பாகூர்ப் பக்கத்து மாணவர்க்குக் குடிமராமத்து என்ற சொல் புதிதன்று. அதனையே வழிபாடாகக் கொண்டால் எப்படியோ, அப்படி என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

இத்தகைய தலங்கள் ஒரு மகந்தின் உடைமை ஆகலாமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. நானக் பிறந்த நங்கானா சாகிபில், 1921 பிப்ரவரியில், தலத்தைப் பொதுவாக்கச் சென்ற சீக்கியர் பலர் மகந்தின் ஆட்களால் கொல்லப்பட்டனர். 1925-இல் இயற்றப்பட்ட சட்டம் பஞ்சாபின் குருத்துவாரங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம் ஒப்படைத்தது.

22 ஆண்டுகளே கழிந்தன. 1947-இல் நாடு பிரிந்தது. நங்கானாவும் கர்த்தார்பூரும் பாகிஸ்தானுக்குள் அமைந்துவிட்டன. அன்று முதல், பிரிந்த தலங்களைத் தடையின்றிக் காணும் பேறு வேண்டுமென்ற விண்ணப்பம் சீக்கியரின் அன்றாடப் பிரார்த்தனையில் சேர்ந்தது.

எல்லை என்பது என்ன என்று நம் பகுதிக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. 1954 வரை நம் கொம்யூன்களுக்கும் அண்டையிலிருந்த தென்னார்க்காட்டு ஊர்களுக்கும் இடையே பிரெஞ்சு ஆட்சியின் எல்லை ஓடிற்று. வரப்பின் இப்பக்கம் ஓர் அரசு, அப்பக்கம் மற்றோர் அரசு. அவ்வாண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர்; 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி மாறிற்று, எல்லை நீங்கிற்று.

பஞ்சாபில் எல்லை நீங்கவில்லை. கர்த்தார்பூர் அவ்வெல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே உள்ளது. தேரா பாபா நானக் என்ற ஊரில் நின்று, தொலைநோக்கி வழியே அதன் வெண்ணிறக் குவிமாடத்தைக் கண்டு கைகூப்பித் திரும்பினர் அடியார். 2019 நவம்பர் 9-இல் ஒரு தனிவழி திறந்தது. கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் அது மூடப்பட்டது. 2021 நவம்பரில் மீண்டும் திறந்தது. 2025 மே மாதத்தில் இரு நாடுகளும் மோதியபோது இந்தியா அதனை மறுபடியும் மூடியது.

நானக்கின் கொள்கைப்படி, அங்கே செல்லாததால் அடியாருக்குப் புண்ணியம் குறையாது. எனினும் அவர்கள் ஏங்கியது ஏன்? தம் குரு உழுத மண்ணில், அவர் தொடங்கிய பந்தியில், பிறரோடு சரிநிகராய் அமர்ந்து ஒருவேளை உண்பதற்காக. நீரிலே முழுகுவதை அன்று, மக்களோடு கலப்பதையே சீக்கிய சமயம் யாத்திரையின் பயனாகக் கண்டது. அடுத்த வைகாசியில் வில்லியனூர்த் தேர் வடத்தைப் பிடிக்கும்போது, பக்கத்தில் அதே வடத்தைப் பற்றியிருப்பவர் யார் என்று சற்றுத் திரும்பிப் பாருங்கள்.