தகடூர்க் கரும்பும் நெல்லியும்: மதுமேகம் பற்றிய பண்டை மருத்துவக் கொள்கை

அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராகிய தகடூர் இன்றைய தருமபுரியே என்பது அறிஞர் உடன்பட்ட முடிபு. அவன் குடியொடு இரு பொருள்களை ஔவையார் பாடல்கள் இணைக்கின்றன. கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தோர் அவன் முன்னோர் என்பது புறநானூற்று 99, 392ஆம் பாடல்களாற் பெறப்படும். அரிதிற் பெற்ற நெல்லிக்கனியை அவன் ஔவைக்கு ஈந்தமையை 91ஆம் பாடல் கூறும். மதுமேகத்திற்கு வெல்லத்தை ஒரு காரணமாகவும் நெல்லியை ஒரு மருந்தாகவும் ஆயுர்வேத நூல்கள் உரைத்தலின், சங்கப் புலவர் இந்நோயை அறிந்தே பாடினர் எனக் கொள்ளும் ஆசை நமக்கு எழுதல் இயல்பு. அதற்குப் புறநானூறு இடந்தரவில்லை. ஆண்டு நெல்லி சாதலை நீக்கும் கனி, கரும்பு குடிப்பெருமை, அவ்வளவே.

மருத்துவ நூல்கள் கூறுவன யாவை? சிறுநீர் மிகுந்து கழியும் நோய்களைப் பிரமேகம் எனத் தொகுத்து, கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4 என 20 வகைப்படுத்துவர். மதுமேகம் வாதத்தின்பாற் பட்டது. தமிழ்ச் சித்த மருத்துவத்தாரும் மேகம் இருபது என்றே எண்ணுவர். நீரிழிவு என்னும் தமிழ்ப்பெயரும் இக்கருத்தினதே. ஈண்டு இழிதல் என்பது வடிதல். அருவி இழிதல் போல. தாழ்வு என்னும் பொருள் இங்கு இல்லை. நோயாளியின் உடலையும் சிறுநீரையும் எறும்பு நாடுதலைச் சரகசங்கிதை முற்குறியாகக் காட்டும். மேனாட்டில் தாமசு வில்லிசு இவ்வினிமையை எழுதியது 1674இல். அது சர்க்கரையே என மாத்தியூ தாப்சன் காட்டியது 1776இல்.

காரணம் கூறுமிடத்துச் சரகர் வெல்லத்தை மட்டும் சுட்டினாரல்லர். இருக்கை இன்பம், உறக்க இன்பம், தயிர், பால், நீர்வாழ் உயிர்களின் ஊன், புதுத்தானியம் ஆகியவற்றொடு வெல்லப் பண்டத்தையும் வைத்தார். கபத்தை வளர்க்கும் வாழ்க்கை முறையே நோய்க்கு வித்து என்பது அவர் கொள்கை. சுசுருதர் மருத்துவமும் இதற்கேற்பவே அமைந்துளது. பொருளற்றவன் செருப்பும் குடையுமின்றி, இரந்துண்டு, நூறு யோசனை நடத்தல் வேண்டும். செல்வன் சியாமாகம் முதலிய புன்தானியமும் நெல்லி முதலிய கனியும் உண்டு, மான்களொடு காட்டில் வாழ்தல் வேண்டும். கிணறு தோண்டலும் ஒரு மருந்து. செல்வனை வறியவன்போல் வாழச் செய்தலே அம்மருந்தின் சாரம் எனத் தோன்றுகின்றது. சாமையும் கேழ்வரகும் விளையும் தருமபுரிப் புன்செய் உழவர்க்கு இவை மருந்தல்ல, அன்றாட வாழ்க்கை. நெல்லிச்சாற்றொடு மஞ்சள் கூட்டித் தரும் முறை வாக்படர் நூலிலும் உளது.

சுசுருதர் மற்றொன்றும் கண்டார். பிறவியிலேயே வருவது ஒன்று, தகாத உணவாலும் ஒழுக்கத்தாலும் வருவது மற்றொன்று. முன்னையோன் மெலிந்து, உலர்ந்து, சிறிதே உண்டு, மிக்க நீர்வேட்கை உடையன். பின்னையோன் பருத்து, மிக உண்டு, படுக்கையும் உறக்கமும் விரும்புவன். இவற்றை இக்கால மருத்துவத்தார் வகுக்கும் முதல்வகை, இரண்டாம் வகையொடு முற்றும் ஒன்றெனல் பொருந்தாது. எனினும் ஒப்புமை வியப்பிற்குரியது. குலவழி வந்த நோய் வித்தின் குற்றத்தால் தீராது என்று சரகர் கைவிட்டார். இன்சுலின் குறைபட்டு மெலிந்த நோயாளிக்கு நடையும் நெல்லியும் உயிர் காவா. அத்தகையோர்க்கு வழி பிறந்தது, 1922 சனவரியில் தொரான்றோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட பின்னரே.