எழுதியவரும் பாடியவரும்: இன்குலாப், கே.ஏ. குணசேகரன் கலையில் அரசியல்

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கூடிய சமாதானக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் தரப்பில் கலந்துகொண்ட இம்மானுவேல் சேகரன், மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதையடுத்த கலவரமும் கீழத்தூவல் துப்பாக்கிச்சூடும் அரசியல் வரலாறுகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. அதே பழைய இராமநாதபுரம் மாவட்டம் சமத்துவத்தைக் கலையாக்கிய இருவரைத் தந்ததையோ ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இன்குலாப் 1944இல் கீழக்கரையில் பிறந்தவர். இயற்பெயர் சாகுல் அமீது. கே.ஏ. குணசேகரன் 1955இல் இளையான்குடியை அடுத்த மாரந்தையில் பிறந்தவர். முன்னவரை மார்க்சியக் கவிதை என்ற அத்தியாயத்திலும் பின்னவரை நாட்டார் வழக்காற்றியல் என்ற அத்தியாயத்திலும் வைத்துவிடுகிறோம். இந்தப் பிரிப்பு தவறு என்பதே என் வாதம்.

'மனுசங்கடா' பாடலை எழுதியவர் இன்குலாப். ஊர் ஊராகக் கொண்டுசென்றது குணசேகரனின் குரல். 1968இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியோடு சேர்த்தே அப்பாடல் நினைக்கப்படுகிறது. திராவிட இயக்கப் பற்றாளராக இருந்த இன்குலாப் இடதுசாரிப் பக்கம் திரும்பியதற்கும் வெண்மணியே காரணம். பாடலுக்கு 1957ஐ மூலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. ஆனால் முதுகுளத்தூர் வட்டாரத்தில் அது ஒலிக்கும்போது கேட்போர் மனத்தில் வெண்மணி மட்டும்தான் எழும் என்று யார் சொல்ல முடியும்?

அரசியல் கவிதை என்றாலே முழக்கம் என ஒதுக்குவோர் தாளில் உள்ளதை மட்டுமே அளக்கிறார்கள். இப்பாடலில் உழைப்பவர் தமக்காகப் பிறர் பேசும்படி விடவில்லை. ஒடுக்குபவனை நேருக்கு நேர் நிறுத்தித் தாமே பேசுகிறார். சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்த, தலித்தாகப் பிறக்காத ஒருவர் எழுதிய தன்மைக் கூற்று அது. தீண்டாமையை உடலால் அறிந்த ஒருவர் பறை முழக்கத்தோடு பாடியபோதுதான் அக்கூற்றுக்கு முழு உரிமை வந்தது. எழுத்துக்கு உடல் கொடுத்தது பாட்டு.

இந்தக் கூட்டுறவுக்கு மண்ணிலேயே ஒரு பின்னணி உண்டு. தம் தன்வரலாறான 'வடு'வில், இளையான்குடி முஸ்லிம்களிடம் காணாத தீண்டாமையைச் சுற்றுக் கிராமங்களின் சாதி இந்துக்களிடம் கண்டதைக் குணசேகரன் பதிவு செய்கிறார். கீழக்கரை முஸ்லிம் கவிஞரின் சொல்லை மாரந்தைக்காரர் தம் சொல்லாக ஏற்றதில் எனக்கு வியப்பில்லை.

இருவரையும் நாடகமும் இழுத்தது. சங்கப் புலவரை இளம் பாண்மகளாக மேடையேற்றிய 'ஔவை' இன்குலாபுடையது. தமிழின் முதல் தலித் நாடகமாகப் பலரும் கொள்ளும் 'பலி ஆடுகள்' குணசேகரனுடையது. ஒடுக்குமுறையைப் பெண்ணின் நிலையிலிருந்தும் பார்த்ததில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். எனினும் இருவரின் நாடகங்களும் பாட்டளவுக்கு மக்களிடம் பரவவில்லை.

கலைமாமணி விருதை இன்குலாப் ஈழப் போரை முன்னிட்டுத் திருப்பித் தந்தார். அவர் மறைவுக்குப் பின் 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதை, அவர் கொள்கையைச் சுட்டிக் குடும்பத்தார் ஏற்க மறுத்தனர். குணசேகரனோ புதுவைப் பல்கலைக்கழகத்துக்குள் நின்று, பறையையும் நாட்டார் பாடலையும் பாடத்திட்டத்துக்குரியவையாக்கப் பாடுபட்டார். நிறுவனத்தை மறுத்தவர் ஒருவர், உள்ளிருந்து மாற்ற முயன்றவர் மற்றவர். இதில் ஒன்றை உயர்வென்றும் மற்றதைச் சமரசமென்றும் தீர்ப்பளிப்பது எளிது, ஆனால் நியாயமன்று.

2016 ஜனவரியில் குணசேகரனும் டிசம்பரில் இன்குலாபும் மறைந்தனர். இன்குலாபின் கவிதைகள் அச்சில் கிடைக்கின்றன. குணசேகரனின் மேடைப் பதிவுகளையும் ஒலிநாடாக்களையும் தேடித் தொகுத்து ஆவணமாக்கும் வேலையைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.